மைக்கில் சொன்ன கால்

ஜூலை 6, ஞாயிறு

இன்று நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். போன மாசமே டீக்கடையில் வைத்துச் சொன்னேன், நம்ம பொம்பளைப் பிள்ளைகள் கபடி ஆடி நாலு கப்பு வாங்கிட்டா போதும், டவுனிலிருந்து எவனாவது டேப்பைத் தூக்கிக்கிட்டு அளக்க வந்துருவான் என்று. வந்தது எவனும் இல்லை, ஒருத்தி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னாளில் டி.வி.க்காரர்கள் வந்து கேட்பார்கள் என்பதற்காகத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நான் கொம்பையா. கொம்பையா சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர். இந்த வட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் மைக் என்னுடையது, வர்ணனையும் என்னுடையது. என் தங்கச்சி ஆவுடையின் மகள் பிரம்மசக்திதான் எங்க ஊர் அணியின் ரைடர். தனியாக எதிரணிக்குள் ஏறிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவள். அவள் புகழில் பாதி அவள் காலால் வந்தது, மீதி என் வாயால் வந்தது. இதைச் சொன்னால் ஆவுடைக்குப் பிடிக்காது.

வந்தவள் பெயர் பெனிட்டா. நாகர்கோவில் பக்கமாம், பிசியோ படித்திருக்கிறாளாம். எங்க கோச் தவசிக்கனி மாஸ்டர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். ஆளைப் பார்த்தால் ப்ளஸ் டூ பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறாள். பள்ளிக்கூட வராந்தாவில் மூன்று டேப் ஒட்டினாள். முன்னால் ஒன்று, பின்னால் சாய்வாக இரண்டு, கோழிக்கால் மாதிரி. நடுவில் ஒத்தைக் காலில் நிற்கணும். மற்றக் காலை ஒவ்வொரு டேப்பின் மேலேயும் எட்டின மட்டும் நீட்டித் தொட்டுவிட்டு, விழாமல் பழைய இடத்துக்கு வரணும். இதற்குப் பெயர் சமநிலைப் பரிசோதனையாம். எங்க குளத்தில் கொக்கு தினமும் செய்யுது, அதற்கு யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை.

சக்தி வலது காலில் நின்றபோது நன்றாகத்தான் எட்டினாள். இடது காலில் நின்றபோது முன் டேப்பில் ஆறு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. முட்டி கொஞ்சம் உள்பக்கமாக ஆடியது. உடனே அந்தப் பிள்ளை முகத்தை வைத்துக்கொண்ட விதத்தைப் பார்க்கணுமே. ரெண்டு காலுக்கும் இத்தனை வித்தியாசம் இருந்தால் முட்டியோ கணுக்காலோ அடிபட வாய்ப்பு அதிகமாம். அப்போ கால் போகுமா என்று கேட்டேன். "போகும்னு சொல்லல சார். வாய்ப்பு அதிகம்னு சொல்றேன்" என்றாள். போகும் என்றும் சொல்ல மாட்டாளாம், போகாது என்றும் சொல்ல மாட்டாளாம். இதைப் படிக்க நாலு வருசம்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று நானே ஒத்தைக் காலில் நின்று காட்டினேன். தரை வழுக்கல். நானாகத்தான் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வேறு எதற்கோ சிரித்தார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆம்ப்ளிஃபையருக்குள் பல்லி முட்டை. சுத்தம் பண்ண அரை நாள் போச்சு.

சக்திக்கு ஆறு வாரப் பயிற்சியாம். இடது காலில் நின்று பல் தேய்க்கணும், இடது காலில் நின்று பந்து பிடிக்கணும். அதுவரைக்கும் போட்டி கிடையாதாம். ஆகஸ்ட் மூன்றாம் தேதி எங்க கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கபடி. இருபத்து நாலாம் தேதி திருநெல்வேலியில் மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் தேறினால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை வரைக்கும் போகலாம். கொடைப் போட்டியை விட்டுவிட்டு, கால் தயாராக இருந்தால் மட்டும் தேர்வுக்குப் போகட்டும் என்கிறாள் பெனிட்டா. கொடைக்கு நான் ஏற்கெனவே ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டேன். சக்தி படம் பெரிசு. என் படம் அதைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

ஜூலை 11, வெள்ளி

என் மருமகள் ஏன் தோற்பதில்லை என்பதை இந்த இடத்தில் எழுதி வைப்பது நல்லது.

வலது கால். அதுதான் ரகசியம். புது வீட்டுக்குப் போனால் வலது காலை வைத்துப் போகிறோம். மருமகள் வந்தால் வலது காலை வைத்து வரச் சொல்கிறோம். களம் மட்டும் என்ன குறைச்சல்? சக்தி நடுக்கோட்டைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, எப்போதும் வலது காலை முதலில் வைத்துத்தான் ஏறுவாள். ஒரே ஒரு தடவைதான் தவறினாள். ரெண்டு வருசத்துக்கு முந்தி, திசையன்விளை பைனல், கடைசி ரைடு. இடது காலை வைத்து ஏறினாள். பிடித்துப் போட்டுவிட்டார்கள். கப்பு போச்சு. அவ்வளவு கூட்டத்தில், மைக் மேசையிலிருந்து அத்தனை தூரத்தில், அதைக் கண்டுபிடித்தது ஒரே ஆள்தான். ஜெனரேட்டர்காரன் அந்த நேரம் பார்த்து ஒயரைப் பிடுங்கிவிட்டான், சண்டாளன். இருந்தாலும் என் கண் களத்தில்தான் இருந்தது. கரண்டு வந்த நிமிஷமே மைக்கில் சொன்னேன்: "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, வீராங்கனை பிரம்மசக்தி வாழ்நாளில் முதன்முறையாக இடது காலை எடுத்து வைத்தார், அதற்கான விலையைக் கொடுத்தார்." மைதானமே உச்சுக் கொட்டியது. அன்றையிலிருந்து அவள் இடது காலை முதலில் வைத்ததே கிடையாது. பயிற்சியிலும் கிடையாது, வாசப்படியிலும் கிடையாது, பஸ்ஸில் ஏறும்போதும் கிடையாது.

இந்த மாதிரிப் பார்வை படிப்பால் வராது.

ஜூலை 15, செவ்வாய்

ரேஷனில் பாமாயில் போட்டார்கள். வரிசையில் நின்று கால் கடுத்துவிட்டது. ரெண்டு காலும் ஒரே அளவு கடுத்தது, பெனிட்டா கவனிக்கவும்.

சாயங்காலம் சக்தியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், மைக் ஒயர் சுத்துகிற கறுப்பு டேப்பை வைத்து அதே கோழிக்காலை ஒட்டினேன். ஆறு வாரம் எதற்கு, ஆறு நாளில் முடித்துக் காட்டுகிறேன். சக்தி பல் தேய்க்கிற பயிற்சியையும் விடாமல் செய்கிறாள். அது வேண்டாத வேலை. பரீட்சையில் எது வருதோ அதைப் படித்தால் போதும்.

ஜூலை 18, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். நிற்கிற காலின் குதிகாலை ஒரு நூல் தூக்கினால் மற்றக் கால் சும்மா எகிறிப் போகுது. ஆறு சென்டிமீட்டர் என்ன, எட்டே வருது.

"அக்கா குதிகாலைத் தூக்கக் கூடாதுன்னு சொன்னாவளே மாமா" என்றாள் சக்தி.

"அக்கா தரையில படுத்தா பாக்கப் போறா? நீ எட்டுட்டி" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

தரையில் படுத்துத்தான் பார்த்தாள். வெள்ளைச் சுடிதாரோடு, வராந்தாப் புழுதியில், கன்னத்தைத் தரையில் வைத்து. என்ன பிறவி என்று தெரியவில்லை. குதிகால் தூக்கினது எல்லாம் செல்லாதாம். ஒழுங்காக எட்டச் சொன்னாள். பயிற்சியில் ஒரு சென்டிமீட்டர் தேறியிருந்தது, ஐந்து பாக்கி.

அதற்கப்புறம் நடந்ததுதான் விசேஷம். நடுக்கோடு போட்டு, இடது காலை முதலில் வைத்து உள்ளே ஏறி வா என்று சக்தியிடம் சொன்னாள். சக்தி அசையவில்லை. மறுபடி சொன்னாள். சக்தி காலைத் தூக்குகிறாள், திரும்ப வைத்துக்கொள்கிறாள். கண்ணில் தண்ணீர். எதற்கு என்று கேட்டதற்கு, மாமா மைக்கில் சொன்னது, திசையன்விளை, இடது கால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பெனிட்டா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்டரிடம்தான் பேசினாள். வலது காலை வைத்தே ஏறினால் உந்துவது, திரும்புவது, ஓடி வருவது எல்லாம் இடது கால்தானாம். ரெண்டு வருசமாக ஒரே கால் எல்லா வேலையும் செய்து களைத்துப் போய்க் கிடக்காம். ஏறுகிற காலை மாற்றினால்தான் பாரம் பங்காகுமாம். அதோடு, கோட்டுக்கு வரும்போது கால் தவறினால் இவள் நின்று மாற்றி வைக்கிறாளாம். அந்த நேரம் எவளாவது பிடித்தால் முட்டி திருகும் என்றாள்.

என்னமோ கால் நாலு பேர் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி மாதிரி பேசுகிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

மாஸ்டர் என் கடைக்கு வந்தார். கலர் குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். உட்காரவும் இல்லை. குழாய் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னாலும் கேக்காது, பெனிட்டா சொன்னாலும் கேக்காது. நீங்க சொல்லணும். திசையன்விளையில சொன்னது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுன்னு. ஒரு வார்த்தை."

சும்மாவா? முப்பது வருசமாக மைக் பிடிக்கிறவன் சும்மா பேசுவானா? என் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன், சொன்னதில் மாற்றம் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். கபடி கோச்சுக்கு இவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஆள் லாயக்கில்லை.

ஜூலை 30, புதன்

கொடைக்குப் பந்தக்கால் நட்டாச்சு. நோட்டீஸில் 'சிம்மக்குரல்' என்று போடச் சொல்லியிருந்தேன், 'சிம்மகுரள்' என்று அடித்திருக்கிறான். அச்சகக்காரனுக்கு அறிவு இருந்தால் அச்சகம் எதற்கு வைக்கிறான்.

மாஸ்டர் சக்தியை ஆட விட மாட்டேன் என்கிறார். கமிட்டிக்காரர்களிடம் பேசினேன். ஃப்ளெக்ஸைக் காட்டினேன். நம்ம ஊர்க் கொடையில் நம்ம ஊர்ப் பிள்ளை ஆடாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் என்ன பேசுவான் என்று கேட்டேன். நாலு பேர் மாஸ்டர் வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் சக்தியையே கேட்பது என்று முடிவாச்சு. சக்தி என்னைப் பார்த்தாள். ஆடுகிறேன் என்றாள். என் வளர்ப்பு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாலரை மணி. இரண்டாவது ஆட்டம். கடைசிக்கு முந்தின ரைடு.

சக்தி ரைடுக்கு ஓடி வந்தாள். கோட்டுக்குக் கிட்டே கால் தவறியது. நின்று மாற்றி வலது காலை வைத்தாள். அதற்குள் எதிரணியில் ஒரு கட்டைக்குட்டைப் பிள்ளை பாய்ந்து இடுப்பைப் பிடித்தது. சக்தி கீழே விழுந்தாள்.

நான் மைக்கில் சொன்னேன்: "எதிரணியை ஏமாற்றத் தந்திரமாக விழுந்து நடிக்கிறார் நமது பிரம்மசக்தி." கூட்டம் கைதட்டியது. நன்றாகவே தட்டியது.

ஆவுடை மேடைப் பக்கமிருந்து ஓடினதைப் பார்த்த பிறகுதான் தட்டுவதை நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒயர்களைச் சுத்தி வைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஸ்கேன் எடுத்தாச்சு. இடது முட்டியில் ஜவ்வு முழுசாக அறுந்துபோகவில்லை, இழுபட்டு ஓரமாகக் கிழிந்திருக்காம். ஆபரேஷன் தேவைப்படாதாம். மூன்று மாசம் ஓடக் கூடாது. இருபத்து நாலாம் தேதித் தேர்வு போச்சு. அடுத்தது டிசம்பரில் என்கிறார்கள்.

ஸ்கேன் சென்டர் கேண்டீனில் போண்டா என்று ஒன்று கொடுத்தான். அதையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும்.

பெனிட்டா வந்திருந்தாள். நான்தான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லுவாள், திருப்பிக் கொடுக்கலாம் என்று தயாராக நின்றேன். சொல்லவில்லை. சக்தி காலுக்கடியில் தலையணையைச் சரி பண்ணிவிட்டு, என்னைப் பார்த்து "சாப்பிட்டீங்களா சார்" என்று கேட்டாள். திமிர்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆவுடைக்குத் தொண்டை கட்டியிருக்குபோல. பத்து நாளாக என்னிடம் பேச்சு இல்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே போய்விடுகிறாள். ஆனால் பால்காரனிடம் நன்றாகத்தான் கத்துகிறாள். ஒருவேளை காலையில் மட்டும் தொண்டை சரியாகுதோ என்னவோ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேர்வு நாள். ஆவுடை கோயிலுக்குப் போயிருந்த நேரம் சக்தியைப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கிறாளே என்று அந்தக் காலத்தில் நான் மைக் பிடித்தே ஒரு தோற்ற அணியை ஜெயிக்க வைத்த கதையைச் சொன்னேன். வழக்கமாகச் சிரிப்பாள். இன்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நான் முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, திசையன்விளையில நான் இடது காலைத்தான் வச்சேனா?"

"பின்ன?"

"இங்கன சும்மா படுத்துக் கிடக்கும்போது அதையேதான் ஓட்டி ஓட்டிப் பாக்கேன். எனக்கு வலது கால் மாதிரித்தான் வருது. கோட்டுக்கிட்ட ஒரு சோடா மூடி கிடந்துச்சு. வலது காலுல குத்துச்சு. ஆனா நீங்க பாத்தியள்லா, அதான் கேக்கேன்."

ஞாபகம் இப்படித்தான் ஏமாற்றும் என்றேன். சரி மாமா என்றாள். வெயில் அதிகமாக இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு கல்யாண வீடு. மணப்பெண் வாசலுக்கு வந்தபோது, வலது காலை எடுத்து வைத்து வரச் சொல்லி மைக்கில் சொல்லுங்க என்றார்கள். மைக்கில் கரகரப்பு என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே கொஞ்சம் கரகரப்புதான்.

அக்டோபர் 19, ஞாயிறு

பெனிட்டா வாரா வாரம் பஸ் ஏறி வருகிறாள். வேறு வேலை வெட்டி இல்லைபோல. சக்தி இப்போது இடது காலில் நின்றுகொண்டு பந்து பிடிக்கிறாள். கோழிக்காலில் இன்னும் ரெண்டு சென்டிமீட்டர்தான் பாக்கியாம். முட்டி ஆடுவதும் நின்றுவிட்டது. நான் மொட்டை மாடியில் ஆரம்பித்து வைத்ததுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

ரெண்டு காலும் ஒன்றுபோல எட்டிவிட்டது. மாஸ்டர் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

அடுத்து மைதானத்தில் ஏறிப் பழகணும். நடுக்கோட்டில் சக்தி நின்றாள். இடது காலை முதலில் வைக்கணும். வைக்கவில்லை. பாட்டுப் பாடச் சொன்னாள், கண்ணை மூடச் சொன்னாள், பெனிட்டா என்னென்னமோ செய்து பார்த்தாள். கால் எழும்புது, கோட்டைத் தாண்டுறதுக்கு முன்னால் நின்றுபோகுது. கால் சரியாச்சு, ஆனால் கோட்டில் தயங்கித் தயங்கி மாற்றினால் மறுபடி அதே இடத்தில்தான் போய் நிற்போம் என்றாள் பெனிட்டா. இப்படியே இருந்தால் டிசம்பர் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். சக்தி கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். நாற்காலியும் ஒரு பக்கம் ஆட்டம்.

நவம்பர் 12, புதன்

மழை. குழாய் ஸ்பீக்கருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

சக்தி வீட்டுக்குப் போனேன். ஆவுடை அடுப்படியில் இருந்தாள். சக்தியைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஒரு விஷயம் சொன்னேன். சொல்ல ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் சிரிப்பாள் என்று நினைத்தேன். ரெண்டும் இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"என் காதுல எதுக்குச் சொல்லுதீய மாமா? அன்னைக்கு ஊருக்கே கேக்க மைக்குல சொன்னீய. இதையும் அதுலயே சொல்லுங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

மரியாதை தெரியாத பிள்ளை. யார் வளர்ப்போ.

நவம்பர் 16, ஞாயிறு

இதுவும் நான் முன்கூட்டியே சொன்னதுதான், சக்தி ஒரு நாள் இடது காலை வைத்து ஏறுவாள் என்று. யாரும் காதில் வாங்கவில்லை.

காலையில் ஆம்ப்ளிஃபையரையும் ஒரு குழாயையும் மைதானத்துக்கு எடுத்துப் போனேன். மழையில் நனைந்ததைச் சோதித்துப் பார்க்கத்தான். மாஸ்டர்தான் ஒயரைப் பிடித்துக் கொடுத்தார். குழாயைக் குளத்துப் பக்கம் திருப்பி வைத்தேன், நாலு கொக்குக்கு மட்டும் கேட்டால் போதும் என்று. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்துத் தொலைத்தது. டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு எல்லாரும் எழுந்து நின்றது எனக்கே தெரிந்தது. ஆவுடை வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

சக்தி நடுக்கோட்டில் குனிந்து தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முன்னால் 'அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே' போட மறந்துவிட்டேன், அந்த ஒரு குறைதான். முடித்ததும் சக்தி ஒரு மூச்சு இழுத்துவிட்டு இடது காலை வைத்தாள். அப்புறம் வலது. ஏறினாள், திரும்பினாள், வந்தாள். மறுபடி ஏறினாள், இந்தத் தடவை எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று அவளே பார்த்த மாதிரித் தெரியவில்லை. பெனிட்டா முட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். டிசம்பர் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிடலாம் என்று மாஸ்டர் சொன்னார்.

வரும் வழியில் ஆவுடை, "சாப்ட்டுட்டுப் போண்ணே" என்றாள். தொண்டை சரியாகிவிட்டது.

இந்த டைரியை டி.வி.க்காரர்கள் படித்தால், இதில் உள்ளது எல்லாம் சத்தியம் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தத் திசையன்விளை மட்டும் வேறு மாதிரி. அன்றைக்குக் கரண்டு போனதும் நான் மேசைக்கடியில் குனிந்து ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தபோது சக்தி ஏற்கெனவே மண்ணில் கிடந்தாள். கூட்டம் மொத்தமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது, என்னமாவது சொல்லணுமே. அவள் எந்தக் காலை வைத்தாள் என்று நான் பார்க்கவே இல்லை.